சொட்டு எங்கே விழும்?

பெட்ரோல் வாடை மனித மூக்குக்கு மிக எளிதில் பிடிபடும். காற்றில் பத்து லட்சத்தில் சில பங்கு ஆவி கலந்திருந்தாலே போதும், "எங்கேயோ பெட்ரோல் வாடை அடிக்குதே" என்று திரும்பிப் பார்த்துவிடுவோம். அதே காற்று தீப்பற்ற வேண்டுமானால் நூற்றுக்கு 1.4 பங்கு ஆவியாவது அதில் இருக்க வேண்டும். பத்து லட்சத்துக்குக் கணக்கிட்டால் 14,000 பங்கு. ஆபத்து வாசலுக்கு வருவதற்கு வெகு முன்பே உடல் நமக்கு மணி அடித்துவிடுகிறது.

அந்த மணிக்கு ஒரு குறை உண்டு. சில நிமிடங்களில் மூக்கு வாடைக்குப் பழகிவிடும். பிறகு மணி அடிக்காது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் மனத்தாலும் பழகிவிடுகிறார்கள். "வண்டி பழசு, வாடை வரத்தான் செய்யும்" என்பார்கள். இது தவறு. வண்டிக்கு ஐம்பது வயதானாலும் பெட்ரோல் வாடை அதன் இயல்பு ஆகாது. வாடை வந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள்.

இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப்போவது ஒரே ஒரு வேலையை: பழைய கேம்பர் வேனில் பெட்ரோல் குழாய்களைப் பாதுகாப்பான வேறு பாதையில் கொண்டுபோவது. பார்வைக்குச் சின்ன வேலை. ஆனால் ரப்பரின் வேதியியல், ஆவியின் இயற்பியல், உலோகத்தின் களைப்பு எல்லாம் அந்த நான்கு முழக் குழாயில் வந்து கூடுகின்றன. எடுத்துக்காட்டாக, உலகமெங்கும் தெரிந்த ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம்: ஃபோக்ஸ்வாகன் டைப் 2.

பின்னால் எஞ்சின், பக்கத்தில் டேங்க்

நெதர்லாந்தைச் சேர்ந்த வாகன இறக்குமதியாளர் பென் பான் 1947இல் தன் குறிப்பேட்டில் வரைந்த ஒரு சிறு படத்திலிருந்து பிறந்த வண்டி இது. 1950 மார்ச்சில் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து நடமாடும் வீடாக மாற்றத் தொடங்கியது. 1967இல், இரண்டு துண்டாக இருந்த முன்கண்ணாடி ஒரே வளைந்த கண்ணாடியாக மாறி, இரண்டாம் தலைமுறை வந்தது. ஜெர்மனியில் 1979 வரையிலும் பிரேசிலில் 2013 வரையிலும் அது தயாரானது. ஜெர்மனியில் செய்த கடைசி வண்டிக்கே இன்று 45 வயதுக்கு மேல். பிரிட்டனில் 2018 முதல், 40 வயதைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. அங்கே இந்த வேனின் அடியில் குனிந்து பார்க்க வேண்டிய பொறுப்பு முழுக்க முழுக்க உரிமையாளருடையது.

வண்டியின் அமைப்பைப் பார்ப்போம். காற்றால் குளிரும் எஞ்சின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால், ஒரு தகரத் தடுப்புக்கு அப்பால், கியர்பாக்ஸுக்கு மேலே சுமார் 60 லிட்டர் கொள்ளும் டேங்க். டேங்கிலிருந்து பம்புக்கு ஒரு குழாய், பம்பிலிருந்து கார்பரேட்டருக்கு ஒரு குழாய். தூரம் குறைவு, அக்கம்பக்கம்தான் சிக்கல். 1600 சி.சி. எஞ்சினில் பம்பை ஒட்டியே டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கிறது. எஞ்சின் ஓடும் ஒவ்வொரு கணமும் அதற்குள் தீப்பொறி பாய்கிறது. சற்று மேலே டைனமோ. அதன் கரித்துண்டுகள் சுழலும் செம்பில் உரசிப் பொறி விடும். எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி எஞ்சின் அறையின் காற்றைத்தான் இழுக்கிறது. அறையில் ஆவி இருந்தால் அதுவும் சேர்ந்து இழுபடும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளுக்குக் கீழே கொதிக்கும் சைலன்சர்.

இன்னொன்றும் உண்டு. இந்த எஞ்சினின் வெளிக்கூடு மக்னீசியக் கலவை உலோகத்தால் வார்க்கப்பட்டது. எடை குறைவு என்பதற்காக அந்தத் தேர்வு. கட்டியான மக்னீசியம் எளிதில் பற்றாது. பெட்ரோல் தீ அதைப் போதுமான அளவு சூடாக்கிவிட்டால் கண் கூசும் வெள்ளை ஒளியோடு எரியும். அதன் மேல் தண்ணீர் ஊற்றினால், தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனை வெளியே விட்டு, தீயை மேலும் வளர்க்கும். 1955இல் லே மான்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளான மெர்சிடிஸ் காரின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது; தண்ணீர் அடித்தபோது அந்தத் தீ மூண்டு எரிந்தது. இந்த வேனில் பெட்ரோல் தீயைப் பிடிக்கவிடாமல் தடுப்பதுதான் வழி. பிடித்த பிறகு அணைப்பது கடினம்.

ஒரு தேக்கரண்டி, மூன்று தண்ணீர் கேன்

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லி லிட்டர். அவ்வளவு பெட்ரோலின் எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அது முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 900 மில்லி லிட்டர் ஆவி கிடைக்கும். அந்த ஆவி காற்றில் 1.4 விழுக்காடு என்ற அளவுக்குப் பரவினால் 60 லிட்டருக்கு மேல் பற்றக்கூடிய கலவை உருவாகும். வீட்டில் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்றை நிரப்பும் அளவு.

ஒரு விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசியும் குழாய், இந்த ஒரு தேக்கரண்டியைச் சில நிமிடங்களில் கொட்டிவிடும்.

பெட்ரோல் ஆவியாவதற்குச் சூடுகூடத் தேவையில்லை. அதன் தீப்பற்று வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி. நம் வெயிலில் மட்டுமின்றி ஐரோப்பியப் பனியிலும் பற்றும். அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்துபோகாமல் கீழே இறங்கி, பள்ளத்தில் தேங்கி, தரையோடு தவழ்ந்து போகும். தீ மூட்டும் பொறி, கசிந்த இடத்திலேயே இருக்க வேண்டியதில்லை.

ரப்பர் எப்படிச் சாகிறது

தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்த வண்டிகளில் இருந்தவை, வெளியே துணிப் பின்னல் போர்த்திய ரப்பர் ட்யூப்கள். பின்னல் அழகாக இருக்கும். உள்ளே விழுந்த வெடிப்பை மறைத்தும்விடும். ட்யூபை மூன்று எதிரிகள் தின்கின்றன.

முதல் எதிரி ஓசோன். பெட்ரோல் ட்யூப்களில் நெடுங்காலம் பயன்பட்டது நைட்ரைல் ரப்பர். அதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் மிகச் சிறிய அளவில் உள்ள ஓசோன் அந்தப் பிணைப்புகளைக் கண்டுபிடித்து அறுக்கும். இழுத்துப் பிடிக்காத ரப்பரில் இந்தச் சேதம் மேற்பரப்போடு நின்றுவிடும். வளைந்தும் இழுபட்டும் நிற்கும் ரப்பரிலோ, அறுந்த இடம் வாய் பிளக்கும். பிளந்த வாய்க்குள் ஓசோன் மேலும் புகும். அதனால்தான் பழைய ட்யூபை வளைவின் வெளிப்புறத்தில் பார்த்தால், இழுவிசைக்குக் குறுக்காக வரிவரியாக வெடிப்பு ஓடியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரும் டைனமோவும் விடும் மின்பொறிகள் தாமும் ஓசோனை உண்டாக்கும் என்பதால், எஞ்சின் அறையில் இந்த எதிரி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

இரண்டாவது எதிரி வெப்பம். ஓடும்போது விசிறி காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டியை நிறுத்தியதும் விசிறி நிற்கும். எஞ்சினில் தேங்கிய சூடு மேலெழுந்து அறையை நிரப்பும். இப்படி ஆயிரம் முறை சுட்டு ஆறியபின் ரப்பர் இறுகி, வளைத்தால் முறியும் நிலைக்கு வந்துவிடும்.

மூன்றாவது எதிரி எரிபொருளோடு வருவது. ஜெர்மனியில் 2011லும் பிரிட்டனில் 2021லும் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் மூலக்கூறு சிறியது, மின்முனைவு கொண்டது. பழைய ரப்பருக்குள் எளிதாகப் புகும். ரப்பரை ஊதச் செய்வதில், தனிப் பெட்ரோலையும் தனி எத்தனாலையும்விட இரண்டின் கலவை கடுமையானது. ஊதும்போது, ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் சேர்மங்களைக் கரைத்து வெளியே இழுத்துவிடும். வண்டி மாதக்கணக்கில் நின்று ட்யூப் உலரும்போது, மென்மை போன ரப்பர் சுருங்கி வெடிக்கும். விடுமுறைக்கு மட்டும் வெளியே வரும் கேம்பர் வேனுக்கு இந்த நனைதலும் உலர்தலும் ஆண்டுதோறும் நடக்கும்.

இதற்காக எத்தனாலையே பழிப்பது முறையல்ல. பிரேசிலில் தயாரான கடைசிக் கால டைப் 2 வேன்கள் பெட்ரோலிலும் எத்தனாலிலும், இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருந்தாலும் ஓடின. அதற்கேற்ற பொருள்களால் அவை செய்யப்பட்டிருந்தன. புதிய எரிபொருளுக்குப் பழைய ரப்பர் பொருந்தவில்லை, அவ்வளவுதான். உள்சுவர் ஃபுளோரின் ரப்பரால் ஆன ட்யூப் இதைத் தாங்கும். கார்பன், ஃபுளோரின் பிணைப்பு அவ்வளவு வலுவானது. ட்யூபின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருந்தால் அந்த வகை. எழுத்தே இல்லாத ட்யூபை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பாதை மாற்றுவதன் உண்மையான நோக்கம்

தீக்கு மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, பொறி. பெட்ரோல் எஞ்சினிலிருந்து இந்த மூன்றில் எதையும் நீக்க முடியாது. மூன்றும் இல்லாவிட்டால் எஞ்சினே ஓடாது. நம்மால் முடிவது, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி வைப்பதுதான்.

அதனால், பாதை மாற்றுபவர் முதலில் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்த இணைப்பு விட்டுப்போனால் சொட்டு எங்கே விழும்? எவ்வளவு நல்ல ட்யூபும் ஒரு நாள் கசியும். கசியும் நாள் நம் கையில் இல்லை. கசிந்தது எங்கே விழ வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. மற்ற விதிகள் எல்லாம் இந்தக் கேள்வியின் கிளைகள்.

முதல் வேலை ஃபில்டரை இடம் மாற்றுவது. எளிதில் எட்டும், கண்ணுக்குத் தெரியும் என்பதற்காகப் பலர் பம்புக்கும் கார்பரேட்டருக்கும் இடையே இரண்டு துண்டு ட்யூபில் ஃபில்டரைத் தொங்கவிடுகிறார்கள். அதன் எடை அதிர்வில் ஆடி ஆடி, கார்பரேட்டரின் பித்தளை நுழைவுக் குழலை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குழல் திருகி மாட்டியது அல்ல; கார்பரேட்டர் உடலில் இறுக்கி அடித்துச் செருகியது. பித்தளையும் உடல் உலோகமும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிவதால் வருடக்கணக்கில் பிடி தளரும். ஒரு நாள் ட்யூபோடு குழலும் கழன்று வரும். பம்பு நிற்காமல் தள்ளும். பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே கொட்டும். ஆகவே ஃபில்டர் தடுப்புக்கு அப்பால், டேங்கின் பக்கம் போக வேண்டும். பித்தளைக் குழலைக் கையால் திருப்பிப் பார்த்து, அசைந்தால் மரை வெட்டித் திருகுக் குழலாக மாற்ற வேண்டும்.

இரண்டாவது, எஞ்சின் அறைக்குள் ரப்பரின் நீளத்தைக் குறைப்பது. அசையாத இடத்தில் உலோகக் குழாய், அசையும் இடத்தில் மட்டும் ரப்பர். எஞ்சின் தன் ரப்பர்த் தாங்கிகளின் மேல் குலுங்கும். வண்டி உடல் குலுங்காது. இந்த இரண்டுக்கும் நடுவே கட்டாயம் ஒரு துண்டு ட்யூப் வேண்டும்; அதுவும் சற்றே தளர்வாக, கூர்மையாக மடங்காமல் இருக்க வேண்டும். ஓசோன் வளைவில்தான் கடிக்கும் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். உலோகக் குழாய்க்கு எஃகு அல்லது செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் குழாய் வகை ஏற்றது. வெறும் செம்பு வளைக்க எளிது, ஆனால் அதிர்வில் இறுகி முறியும். பெட்ரோல் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாவதையும் அது விரைவுபடுத்தும்.

மூன்றாவது, தகரத்தைத் தாண்டும் இடம். எஞ்சினின் முன் தகட்டில் குழாய் நுழையும் துளைக்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து விழுந்துவிட்டால், தகரத்தின் விளிம்பு ஒவ்வொரு குலுக்கலிலும் ட்யூபை ரம்பம்போல் அறுக்கும். பழைய வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வளையத்தின் விலை சொற்பம்.

நான்காவது, மற்றவற்றோடு உள்ள உறவு. மின் ஒயரும் பெட்ரோல் குழாயும் சேர்ந்து போக நேர்ந்தால் ஒயர் மேலே, குழாய் கீழே. சொட்டு ஒயர் மேல் விழக் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டவும் கூடாது. சைலன்சரிலிருந்து தள்ளியே போக வேண்டும். வழியில்லாத இடத்தில் நடுவே ஒரு தடுப்புத் தகடு. கியர் கம்பி, கிளட்ச் கேபிள், ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றில் படக் கூடாது. வண்டி அடியில் எல்லாவற்றையும்விடத் தாழ்ந்து தொங்கும் பொருளாகக் குழாய் இருக்கவே கூடாது. சுமார் ஒன்றரைச் சாணுக்கு ஒரு கிளிப், ரப்பர் உறையோடு.

உறிஞ்சும் பக்கம், தள்ளும் பக்கம்

பம்புக்கு முன்னால் குழாய் உறிஞ்சப்படுகிறது, பின்னால் தள்ளப்படுகிறது. இதனால் கசிவு இரண்டு பக்கமும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். தள்ளும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் வெளியே வரும். உறிஞ்சும் பக்கத்தில் விழுந்தால், ஓடும்போது காற்று உள்ளே போகும். எஞ்சின் திக்கித் திணறும். வண்டியை நிறுத்திய பிறகுதான் அங்கே சொட்டும். டேங்கின் மட்டத்துக்குக் கீழே இறங்கும் குழாயில் ஓட்டை என்றால், புவியீர்ப்பு டேங்கையே வடித்துவிடக்கூடும். உள்ளே ஆட்கள் தூங்கும் நேரத்தில் வடியும் என்பதுதான் கேம்பர் வேனில் கவலைக்குரியது.

இதற்கு மருந்து, டேங்கை ஒட்டி ஒரு மின்காந்த வால்வு. சாவி போட்டால்தான் திறக்கும். மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும். நிறுத்திய வண்டியில் குழாய் அறுந்தாலும் டேங்கு காலியாகாது.

உறிஞ்சும் பக்கத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. அங்கே அழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பெட்ரோலின் இலகுவான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்குபவை. சூடான இடத்தின் அருகே குழாயை ஏற்றி இறக்கிக் கொண்டுபோனால் மேட்டில் ஆவிக் குமிழ் அடைத்து, எஞ்சின் நின்றுபோகும். ஆகவே பாதை குறுகியதாக, மேடு பள்ளம் இல்லாததாக, குளிர்ந்த பக்கமாக இருக்க வேண்டும்.

கார்பரேட்டர் வண்டியில் பம்பின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அமெரிக்காவுக்கு 1975 முதல் அனுப்பிய எரிபொருள் தெளிப்பு முறை வண்டிகளில் அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே ஊசித்துளை விழுந்தாலும் பெட்ரோல் சொட்டாது, புகைபோல் பீச்சும். எல்-ஜெட்ரானிக் என்ற அந்தத் தெளிப்பு அமைப்பில் ஓர் அறிவார்ந்த ஏற்பாடு இருந்தது: எஞ்சின் காற்றை இழுத்து ஒரு மடல் அசைந்தால்தான் மின்பம்பு ஓடும். எஞ்சின் நின்றால் மடல் மூடும், பம்பும் நிற்கும். கார்பரேட்டர் வண்டிக்குப் புதிதாக மின்பம்பு மாட்டுபவர்கள் இந்தப் பாடத்தைக் கற்க வேண்டும். எஞ்சின் ஆயில் அழுத்தத்தையோ மோதலின் அதிர்ச்சியையோ உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் அந்தப் பம்பை மாட்டக் கூடாது.

இணைப்பின் நுட்பம்

குழாய்கள் நடுவில் கெடுவதைவிட முனைகளில் கெடுவதே அதிகம். இந்த வண்டியின் உலோகக் குழல்கள் 6 மி.மீ. பருமன் கொண்டவை. கடையில் எளிதாகக் கிடைக்கும் கால் அங்குல ட்யூபின் உள்விட்டம் 6.35 மி.மீ. அது குழலில் லொடலொடவென்று உட்காரும். கசியாமல் இருக்கக் கிளிப்பை முறுக்குவோம். பல் வெட்டிய சாதாரணக் கிளிப்பின் இடைவெளிகளில் ரப்பர் பிதுங்கி வெட்டுப்படும். 5 அல்லது 5.5 மி.மீ. ட்யூபைச் சிரமப்பட்டு ஏற்றுவதே சரி. கிளிப், விளிம்பு மடித்து முழுச் சுற்றும் சமமாக அழுத்தும் வகையாக இருக்கட்டும். நீங்கள் புதிதாக வெட்டி வைக்கும் உலோகக் குழாயின் முனையில் ஒரு மேட்டு வளையம் எழுப்பியிருக்க வேண்டும். வழவழப்பான முனையிலிருந்து ட்யூப் நழுவும். ட்யூபைக் கூரிய கத்தியால் வெட்டுங்கள்; ரம்பத்தால் அறுத்தால் துகள் உள்ளே போய் கார்பரேட்டரை அடைக்கும்.

ஒரு ட்யூபை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். டேங்கில் பெட்ரோல் ஊற்றும் வாயின் ரப்பர், ஆவி போகும் சிறு ட்யூப்கள் எல்லாம் அதே வயதுடையவை. அவற்றை எட்டப் பெரும்பாலும் எஞ்சினை இறக்க வேண்டியிருக்கும். அதனாலேயே அவை மறக்கப்படுகின்றன. எஞ்சின் ஏதாவது ஒரு காரணத்துக்காக இறங்கும் நாளில் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

வேலை செய்யும் நாள்

வேலையைத் திறந்த வெளியில் வையுங்கள். கீழே பள்ளம் வெட்டிய ஷெட் வேண்டாம். கனமான ஆவி அதில் இறங்கித் தேங்கும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். அது கேம்பர் என்பதால் விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் இரண்டாவது பேட்டரி இருக்கலாம். இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜின் சிறு சுடர், ஹீட்டர் எல்லாம் அணைந்து, சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். டேங்கின் பெட்ரோலைத் தரையில் வைத்த மூடியுள்ள கேனில் வடியுங்கள். குண்டு பல்பு போட்ட கைவிளக்கு வேண்டாம். சூடான பல்பில் ஒரு சொட்டு பட்டால் கண்ணாடி வெடித்துக் கம்பி வெளியே தெரியும்.

முடிந்ததும் முதலில் எஞ்சினைப் போடாமல், பெட்ரோலை நிரப்பி அரை மணி நேரம் காத்திருங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சூடானதும், நிறுத்தி ஆறியதும் மறுபடி பாருங்கள். மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி ட்யூபில் கட்டுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். உலர்பொடித் தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஓடும்போது தீப்பிடித்தால் நிறுத்தி, ஆட்களை இறக்குவதே முதல் வேலை. எஞ்சின் மூடியை அகலத் திறக்க வேண்டாம். காற்று புகுந்து தீ எழும்பும்.

ஜெர்மானிய வேனைப் பற்றிய இந்தப் பேச்சில் நமக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் 2025இல் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. அந்தக் கலவையை நினைத்துப் பார்க்காத காலத்தில் செய்த வண்டிகள், பல வருடமாக மாற்றாத ட்யூப்களோடு நம் தெருக்களில் ஓடுகின்றன. உங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒன்று நின்றால், நாளைக் காலை எஞ்சினைப் போடும் முன் மூடியைத் திறந்து, ட்யூபை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ விரலில் வாடை ஒட்டினாலோ, வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.